எங்க லயத்துல களவு போச்சு. எடுத்ததும் எங்க லயத்துப் பிள்ளைதான்

இஸ்தோப்பு:

எங்க ஊர் இலங்கை மலையகத்துல பொகவந்தலாவைப் பக்கம். தேயிலைத் தோட்டத்துப் பேர் வேணாம், சின்ன எடம், எல்லாருக்கும் தெரிஞ்சிரும். ஒத்தை லயம், வரிசையா ஒட்டிக்கிட்டுப் பன்னெண்டு காம்பரா வீடு. நாலாவது எங்களோடது. ஒம்பதாவது அந்தப் பையன் வீட்டோடது.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா கொழுந்துக்குப் போயிட்டாங்க, தங்கச்சி பள்ளிக்கூடம், நான் பதுளையில வேலையில. பின்னால குசினித் தகரத்தை நெம்பி உள்ள வந்து காஸ் சிலிண்டரையும், ட்ரங்குப் பெட்டியில துணி சுத்தி வச்சிருந்த ரெண்டு பவுன் சங்கிலியையும் எடுத்திருக்கான்.

அந்தச் சங்கிலி அம்மா ஏழு வருசம் சீட்டுப் போட்டு எடுத்தது. தங்கச்சிக்குன்னு. 2021 மார்ச்சில நாள் சம்பளம் 1,000 ஆனப்ப, இனிச் சீட்டுக் காசுக்கு யார்கிட்டயும் கைமாத்துக் கேக்க வேணாம்னு சொன்னாங்க. அடுத்த வருசம் அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் ஏறினதுல சங்கிலி ரெண்டு தடவை அடகுக்குப் போச்சு. ரெண்டு தடவையும் மீட்டுட்டாங்க. அப்படிக் காப்பாத்தின சாமான்.

மூணாம் நாள் பொலிஸ் டவுன் அடகுக்கடையில சங்கிலியைக் கண்டுபிடிச்சாங்க. வச்சவன் பேரைக் கேட்டதும் அம்மா நின்ன எடத்துலயே தரையில உக்காந்துட்டாங்க. பத்தொம்பது வயசு. எட்டாம் வகுப்புல இருக்கிறப்ப எங்க வாசல் திண்ணை இஸ்தோப்புல உக்காந்து எங்கிட்ட கணக்குப் படிச்சவன். பின்னம் கூட்ட வராம அழுவான், அம்மா ரொட்டி சுட்டுக் குடுப்பாங்க. ட்ரங்குப் பெட்டி எங்க இருக்குன்னு அவனுக்கு அப்பவே தெரியும்.

இப்ப அவன் தீர்ப்புக்கு முன்னால விளக்கமறியல்ல. லயம் ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு. "நாலு அடி போட்டு முடிச்சிருக்கலாம், எதுக்குப் பொலிஸ்"னு ஒரு பக்கம். "போட்டது பத்தாது, இன்னும் ரெண்டு பேர் இருக்கானுங்க"னு இன்னொரு பக்கம். அவனோட அம்மா, எங்கம்மா தண்ணி புடிக்கப் பீலிக்கு வர்ற நேரத்துல அந்தப் பக்கம் வர்றதில்ல.

ஒரு மாசமா எனக்கு ஒரே கேள்விதான். உலகத்துல குற்றம் ஏன் நடக்குதுன்னு நான் கேக்கல. நம்ம பக்கம், இப்ப, ஏன் இப்படி? வறுமைன்னு ஒரு சொல்லுல முடிக்காம யாராவது சொல்லுங்க.

---

பழையகணக்கப்பிள்ளை:

தம்பி, வறுமை என்று முடிக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் 1973, 74 பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவன். தோட்டங்களில் ஆட்கள் பட்டினியில் செத்தார்கள். மரவள்ளிக் கிழங்கு கிடைத்தால் அது பெரிய சாப்பாடு. சாமான் கட்டிக்கொண்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நடந்துபோன குடும்பங்கள் உண்டு. அந்த நாளிலும் எங்கள் லயத்தில் காம்பராக் கதவுக்குப் பூட்டு இருந்தது எனக்கு நினைவில்லை. சும்மா ஒரு கொக்கி. கொழுந்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டு ஆச்சியிடம் "பாத்துக்க" என்று ஒரு வார்த்தை.

அந்த ஆச்சி இப்போது இல்லை, அதுதான் விசயம். இஸ்தோப்பில் எப்போதும் ஒரு கிழவியோ கிழவனோ உட்கார்ந்திருப்பார்கள். யார் வந்தான், யார் போனான், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, எல்லாம் அந்தக் கண்ணுக்குத் தெரியும். இப்போது தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில், பிள்ளை போனோடு. கண்டிக்க ஆள் இல்லை. கண்டித்தாலும் "நீ யாரு கேக்க" என்கிறான். பயம் போய்விட்டது. குற்றத்துக்கு முதல் காரணம் அதுதான் என்பேன்.

---

ஹந்தானை:

கணக்கப்பிள்ளை ஐயா, நீங்க சொன்ன ஆச்சியோட கண்ணு உண்மை. பேராதனையில சமூகவியல் படிக்கிறேன், எங்க பாடத்துல இதைத்தான் வேற சொல்லுல சொல்றாங்க. ஆனா வறுமையை அவ்வளவு சுலபமா ஒதுக்கிட முடியாது.

2019 வீட்டு வருமான, செலவின ஆய்வுல நாடு முழுக்க ஏழ்மை 14.3 வீதம். தோட்டத் துறையில மட்டும் 33.8 வீதம். மூணுல ஒரு ஆள். வறுமை நேராவே களவை உண்டாக்கும்னா மூணுல ஒருத்தர் களவெடுக்கணும். எங்கம்மாவும் அந்த மூணுல ஒருத்தர்தான், கீழே கிடந்த இன்னொருத்தர் கொழுந்தைக்கூட தன்னோட கூடையில போட்டுக்க மாட்டாங்க. அப்ப வறுமை மட்டும் இல்ல, சரி.

ஆனா 74ல பஞ்சம் எல்லாருக்கும் ஒண்ணா வந்துச்சு. துரையையும் ஸ்டாஃபையும் விட்டா, மேட்டு லயமும் பணிய லயமும் ஒரே கிழங்கைத்தான் தின்னுச்சு. இப்ப அப்படியா? 1938ல ரொபர்ட் மேர்ட்டன்னு ஒரு அமெரிக்க அறிஞர் எழுதினார்: எல்லாருக்கும் ஒரே ஆசையைக் காட்டிட்டு, அதை அடையிற வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வச்சா, மத்தவங்கள்ல சிலர் வேற வழி தேடுவாங்கன்னு. ஓ.எல். எழுதி மூணு பாடம் போன பையனுக்கு நம்ம தோட்டத்துல என்ன வழி இருக்கு? செடிக்கு மருந்தடிக்கப் போகணும், இல்லாட்டி கொழும்புல கடையில நிக்கணும். கையில இருக்கிற போன்ல மட்டும் உலகமே தெரியுது.

இன்னொண்ணு. பயம் போச்சுன்னு சொல்றீங்க. அந்தப் பயம் எங்கிருந்து வந்ததுன்னும் பேசணும். 1865ல வெள்ளைக்காரன் போட்ட 11ஆம் இலக்கச் சட்டத்துல, சொல்லாம தோட்டத்தை விட்டுப் போறதே மறியலுக்குப் போற குற்றம். கடன் தீந்துச்சுன்னு துண்டு இல்லாம வேற தோட்டத்துல பேர் பதிய முடியாது. 1921ல தான் துண்டு முறையை எடுத்தாங்க. வேலையை விட்டுப் போனவன் குற்றவாளி, அவனைப் புடிச்சு அடிச்சவன் குற்றவாளி இல்ல. எது குற்றம்னு தீர்மானிக்கிறவன் யாருன்னு பாக்காம காரணத்தைப் பேசினா, நாம எப்பவும் கீழேதான் தேடிக்கிட்டு இருப்போம்.

---

சில்லறைக்கடை:

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. டிவிசன்ல சின்ன கடை வச்சிருக்கேன். ரெண்டு வருசத்துல மூணு தடவை ஓடு பிரிச்சு எறங்கிட்டானுங்க. சீனி, டின்மீன், சிகரட், ரீலோட் காசு. மூணாந் தடவை தராசையும் தூக்கிட்டுப் போயிட்டான்.

காரணம் பேசறவங்க என் நட்டத்தையும் பேசுங்க. முதல் தடவைக்குப் பிறகு எரவுல கடைக்குள்ள படுத்தேன், பனியில நெஞ்சுச் சளி புடிச்சது. மூணாவது தடவைக்குப் பிறகு கடன் கொப்பியை மூடிட்டேன். அம்பத்தேழு வீட்டுக் கணக்கு அதுல இருந்துச்சு. சம்பளத்துக்கு முன்னாடி வாரம் எங்கிட்ட மாவும் பருப்பும் எடுத்துத்தான் அந்த வீடுகள்ல அடுப்பு எரியும். எனக்கும் மனசு கேக்கல, ஆனா கையில முதல் இல்ல. இப்ப அந்த ஆளுங்க டவுனுக்குப் போய் வட்டிக்கு எடுக்குதுங்க. ஓடு பிரிச்சவன் ஒருத்தன், தண்டம் கட்டுறது அம்பத்தேழு வீடு.

ஐஸ் போதைப்பொருள் அடிக்கிறவன் எவன்னு எல்லாருக்கும் தெரியும். விக்கிறவன் எவன்னும் தெரியும். வாயத் தொறக்க ஆள் இல்ல.

---

ராத்தண்ணி:

கடைக்காரர் அண்ணன் சொன்ன ஐஸ் நம்ம பக்கம் எப்படி வந்துச்சுன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். சொல்லிர்றேன், இப்ப நான் அதுல இல்ல.

கெசல்கமுவ ஓயாவுல எரவுல மாணிக்கம் தோண்டுறது ஊருக்கே தெரிஞ்ச கதை. ஆத்துலயும் தோண்டுவாங்க, தோட்டத்துக் காணியில குழி வெட்டியும் எடுப்பாங்க. அனுமதிப்பத்திரம் கிடையாது. பணம் போடுறவன் வெளியில இருந்து வர்றான். குழியில எறங்குறது நாங்க. ஒரு எரவுக்குக் குடுக்கிற காசு தோட்டத்துல நாலு நாள் வேலைக்குப் பேர் போட்டாலும் வராது. கல்லு கெடச்சா பங்குன்னு சொல்வான், அந்தப் பங்கை நான் ஒரு தடவையும் கண்ணால பாக்கல.

ஏழு, எட்டு மணிக்கு எறங்கினா விடிய நாலு மணி. இடுப்பளவு தண்ணி. இந்தக் குளுருல தூக்கம் வரும், கை வெறைச்சுப் போகும். மொதல்ல சாராயம் குடுத்தானுங்க. பிறகு ஒருத்தன் இதைக் கொண்டாந்தான். "தூக்கமும் வராது, பசியும் வராது, இழுத்துப் பாரு"ன்னான். முதல் மூணு தடவை காசு கேக்கல. நாலாவது தடவை சம்பளத்துல வெட்டினான். ரெண்டு மாசத்துல நான் அவனுக்குக் கடன்காரன். பிறகு வேலைக்குப் போறது கல்லுக்கு இல்ல, கடனுக்கு.

பொலிஸ் சுத்தி வளைச்சா மாட்டுறது குழியில நிக்கிறவன். பணம் போட்டவன் போனை அணைச்சிட்டு வீட்டுல தூங்குறான். எனக்குத் தண்டம் அடிச்சாங்க, எங்கண்ணன் கட்டினான். நான் தப்பிச்சதுக்குக் காரணம் அவன் என்னை வெலிமடையில ஒரு மரக்கறித் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஆறு மாசம் கூடவே வச்சுக்கிட்டது. முதல் மாசம் செத்துரலாம்னு இருந்துச்சு.

இஸ்தோப்பு, உங்க பையனையும் விசாரிங்க. எரவுல எங்க போனான், யாருக்குக் கடன்னு. சங்கிலி வச்ச காசு அவன் கையில ஒரு நாளாவது இருந்துச்சான்னு பாருங்க.

---

இஸ்தோப்பு:

ராத்தண்ணி, உங்க பதிவைப் படிச்சிட்டு அவனோட மாமாகிட்ட கேட்டேன். நீங்க சொன்னது அப்படியே. கொழும்புல ஒரு துணிக்கடையில நின்னிருக்கான், 2022ல கடையில ஆளைக் குறைச்சப்ப திரும்பி வந்துட்டான். பிறகு ஆத்துக்கு. அடகு வச்ச அன்னைக்குச் சாயந்தரமே ஒருத்தன் மோட்டர் சைக்கிள்ல வந்து வாங்கிட்டுப் போயிருக்கான். மாமாவுக்கு ஆளைத் தெரியும், பேர் சொல்லப் பயப்படுறார்.

எங்க லயத்துல ஒம்பதாவது காம்பராவுல இருந்து எரவுல பையன் எறங்கிப் போறதை எத்தனை பேர் பாத்திருப்பாங்க? நானும் ஒரு தடவை லீவுக்கு வந்தப்ப பாத்தேன். "எங்கடா"ன்னு கேட்டேன், சிரிச்சிட்டுப் போனான். நானும் விட்டுட்டேன்.

---

பணியலயம்:

எல்லாரும் காரணத்தைப் பேசுறீங்க. விளைவு எனக்குத் தெரியும், எங்க வீட்டுல நடந்தது.

எங்கண்ணன் ஸ்டோர்ல இருந்து ஒரு மூட்டை பசளை எடுத்தான். எடுத்தது உண்மை, நான் மறைக்கல. மரக்கறிக் கொல்லைக்குப் போட. கோட்டுல முதல் தவணையிலயே பிணை குடுத்தாங்க, ரெண்டு பேர் சரீரப் பிணை. கையெழுத்துப் போட ரெண்டு ஆள் இல்லாம நாலு மாசம் உள்ள இருந்தான். அப்பா இல்ல. தோட்டத்து ஆளுங்க ஒரு நாள் பேரை விட்டுட்டு, பஸ் காசு போட்டு, கிராம உத்தியோகத்தர்கிட்ட வதிவிடக் கடிதம் எடுத்து, கோட்டுக்கு வரணும். ஒருத்தர் வர்றேன்னு சொன்னார், அன்னைக்குப் பார்த்து நல்ல கொழுந்து, விடல.

பசளை மூட்டைக்குப் போனவன் திரும்பி வந்தப்ப வேற ஆள். உள்ள அவனோட படுத்தவங்க எல்லாம் பெரிய கேஸ்காரங்க. பேச்சு மாறிடுச்சு, பார்வை மாறிடுச்சு. "உள்ள இருக்கிறப்ப எனக்குச் சோப்பு வாங்கிக் குடுத்தது அவங்கதான், நீங்க இல்ல"ன்னான். அது உண்மை. பள்ளேகலை மறியலுக்குப் போய் வர எங்ககிட்ட காசு இல்ல.

அக்காவுக்குப் பேசி வச்சிருந்த சம்பந்தம் போச்சு. அவன் கட்டாருக்குப் போக ஏஜென்சியில பொலிஸ் ரிப்போட் கேட்டாங்க, அதுவும் போச்சு. தோட்டத்துல பேர் பதிய மாட்டேன்னுட்டாங்க. அம்மா கோயில் பூசைக்குப் போறதை நிப்பாட்டிட்டாங்க, யாரும் எதுவும் சொல்லல, இவங்களே நிப்பாட்டிட்டாங்க. ரெண்டாவது தடவை அவன் புடிபட்டப்ப யாருக்கும் அதிர்ச்சி இல்ல. எனக்கும்.

---

கறுப்புக்கோட்டு:

ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களில் வழக்குப் பேசுபவன். பணியலயம் எழுதியது போன்ற கதையை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். சில விசயங்களைச் சொல்ல வேண்டும்.

1997ஆம் ஆண்டு 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு. சட்டப் புத்தகத்தில் அப்படி. ஆனால் பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களைப் பற்றி அந்த ஒரு வரி ஒன்றும் செய்வதில்லை. லயத்துக் காம்பராவுக்கு உறுதி கிடையாது, ஆகவே சொத்தைக் காட்டி நிற்க வழியில்லை. ஆள் பிணைக்கு வருகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். இந்த நாட்டுச் சிறைகளில் தீர்ப்பாகாத விளக்கமறியல் கைதிகள்தாம் பெரும்பான்மை. தீர்ப்பாகி உள்ளே போகிறவர்களிலும் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போகிறவர்கள். காசு இருந்திருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

முதல் தடவை, சிறு குற்றம், இளம் வயது என்றால் சிறைதான் ஒரே வழி என்று சட்டம் சொல்லவில்லை. 1999ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டப்படி சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை இருக்கிறது, ஊரிலேயே இருந்து வேலை செய்து, ஆலோசனைக்குப் போக வேண்டும். நன்னடத்தைப் பிணையில் விடலாம். தண்டனையை ஒத்திவைக்கலாம். இவை எல்லாம் யாராவது எழுந்து கேட்டால்தான் நடக்கும். சட்டத்தரணி இல்லாதவனுக்காக யார் கேட்பது? 1978இல் உருவான சட்ட உதவி ஆணைக்குழு வசதியில்லாதவர்களுக்காக இலவசமாக ஆஜராகிறது. எத்தனை தோட்டத்தில் இது தெரியும்?

மொழி இன்னொரு பெரிய ஓட்டை. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும், இவன் கையெழுத்துப் போடுவான், என்ன எழுதியிருக்கிறது என்று நீதிமன்றத்தில்தான் தெரியும். தமிழில் சொல்லவும் தமிழில் பெறவும் அரசியலமைப்பில் 1988ஆம் ஆண்டு 16ஆம் திருத்தத்திலிருந்தே தெளிவான உரிமை இருக்கிறது. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது எதிர்ப்பு அல்ல.

ஆனால் சில்லறைக்கடைக்காரரையும் நான் மறக்கவில்லை. அவருக்குப் போன தராசு போனதுதான்.

---

பீலிக்கரை:

ஆரம்பத்துல இருந்து படிச்சிட்டு வர்றேன். ரெண்டு விசயம் எனக்கு உறுத்துது.

ஒண்ணு. இங்க குற்றம்னா சாமான் காணாமப் போறது மட்டும்தானா? எங்க லயத்துல மூணு வீட்டுல சம்பள நாள் எரவு பொம்பளை அடி வாங்குவா. சத்தம் கேக்கும். எல்லாரும் ரேடியோவைக் கூட்டி வைப்பாங்க. 2005ல வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 34ஆம் இலக்கம் வந்து, நீதவான்கிட்ட பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம்னு இருக்கு. நான் ஒரு அக்காவோட பொலிஸுக்குப் போனேன். முறைப்பாடு எழுதாம, "குடும்ப விசயம், பேசித் தீத்துக்கங்க"ன்னு தோட்டத் தலைவரை வரச்சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த அக்காவோட மூத்த பையன் அப்ப கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். அடிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவன் அன்னைக்கே படிச்சிட்டான். கணக்கப்பிள்ளை ஐயா, பயம் போச்சுன்னு சொன்னீங்களே, போன எடம் இதுதான்.

கள்ளச் சாராயம், கசிப்பையும் சேத்துச் சொல்றேன். 2022க்குப் பிறகு சாராயம் விலை ஏறினதுல, ஒரு நாள் பேர் போட்ட காசுக்கு அரைப் போத்தல் வராது. குடிக்கிறவன் நிறுத்திட்டானா? கசிப்புக்கு மாறிட்டான். கோடா போடுறது ஆத்து ஓரம், விக்கிறது லயத்துக்குள்ள. எங்க பக்கம் வித்தது புருசன் இல்லாத ஒரு பொம்பளை. புடிச்சாங்க, தண்டம் அடிச்சாங்க, தண்டம் கட்ட திரும்ப வித்தா. இதுக்கு முடிவு எங்க?

ரெண்டாவது விசயம்தான் முக்கியம். இவ்வளவு பேர் எழுதியிருக்கீங்க. பையனோட கொழும்பு, பையனோட கடன், பையனோட பிணை. இஸ்தோப்போட அம்மாவைப் பத்தி யாராவது ஒரு வரி கேட்டீங்களா? அந்தச் சங்கிலி இப்ப எங்க இருக்கு?

---

இஸ்தோப்பு:

பீலிக்கரை, நன்றி. நானே கேக்கல.

சங்கிலி பொலிஸ் கிட்ட சான்றுப் பொருளா இருக்கு. கேஸ் முடியுற வரைக்கும் கிடைக்காதுன்னு சொன்னாங்க. அடகுக்கடைக்காரர் தன்னோட காசுக்கு யார் பொறுப்புன்னு கத்துறார். அம்மாவுக்கு எரவுல தூக்கம் இல்ல. குசினித் தகரத்துக்குக் குறுக்கால உரலை உருட்டி வச்சிட்டுப் படுக்கிறாங்க. தங்கச்சி தனியா வீட்டுல இருக்க மாட்டேங்குது, பள்ளிக்கூடம் விட்டதும் கொழுந்து மலைக்கே போயிடுது. சிலிண்டர் கிடைக்கல, திரும்ப வெறகு. அம்மா அம்பத்தாறு வயசுல கொழுந்து எடுத்துட்டு வந்து வெறகுக்கும் போறாங்க.

இதைச் சொன்னா லயத்துல சிலர் "சங்கிலிதான் கெடச்சிருச்சே"ங்கிறாங்க.

---

பழையகணக்கப்பிள்ளை:

பீலிக்கரை எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நான் வேலை பார்த்த காலத்தில் மனைவியை அடித்தவனை நாங்களும் "குடும்பப் பிரச்சினை" என்றுதான் விட்டோம். பேர் வெட்டுவோம் என்று மிரட்டினால் ஒரு வாரம் அடங்குவான். அதை நியாயம் என்று நினைத்தோம். இன்று நான் அப்படி நினைக்கவில்லை.

ஹந்தானை சொன்ன துண்டுக் கதை எங்கள் தாத்தா வாயால் கேட்டது. ஆனால் பிள்ளை, வெள்ளைக்காரன் சட்டத்தைச் சொல்லி அந்த அம்மாவின் சங்கிலிக்குப் பதில் சொல்ல முடியாது. அவன் பெரிய பங்களாவில் ஏறவில்லை, தன்னைப்போல ஒரு காம்பராவில்தான் ஏறினான். அதை நாம் நேராகப் பார்க்க வேண்டும்.

---

ஹந்தானை:

ஏத்துக்கிறேன் ஐயா. நான் பதில் சொல்லிட்டதா நினைச்சது தப்பு. அவன் ஏன் பங்களாவுல ஏறலங்கிறதுக்குக் காரணம் இருக்கு: அங்க வாச்சர், நாய், லைட். இங்க ஒரு தகரம். வழி தெரிஞ்ச எடத்துல, காவல் இல்லாத எடத்துலதான் களவு நடக்கும். அதனாலதான் ஏழைக்கு நட்டம் செய்யிறவன் பெரும்பாலும் இன்னொரு ஏழையா இருக்கான். மேல இருக்கிறவன் மோட்டர் சைக்கிள்ல வந்து காசை மட்டும் வாங்கிட்டுப் போறான். எனக்கு இப்ப கோபம் அந்த மோட்டர் சைக்கிள்காரன் மேலதான். அவன் பேர் எந்தக் கேஸ்லயும் வராது.

---

கறுப்புக்கோட்டு:

இஸ்தோப்பு, அம்மாவுக்கான பதிலை முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

வழக்கு முடியும்வரை சங்கிலி கிடைக்காது என்பது சரியல்ல. பொலிஸார் கைப்பற்றிய பொருளை அதற்கு உரித்தான ஆளிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். அடையாளம் காட்டும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொண்டுவருவேன் என்று முறியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் வேண்டும். நகை வாங்கிய பற்றுச்சீட்டு, முன்பு அடகு வைத்த துண்டுகள், சங்கிலி போட்ட பழைய படம், எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். அம்மா இரண்டு தடவை அடகு வைத்து மீட்டார் என்றீர்களே, அந்தத் துண்டுகளே நல்ல சான்று.

அதோடு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியும் உரிமை அம்மாவுக்கு உண்டு. மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்கும் உரிமையும் உண்டு.

பையனுக்குப் பிணை கிடைப்பதும் அம்மாவுக்குச் சங்கிலி கிடைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டையும் ஒரே தவணையில் கேட்கலாம்.

---

சில்லறைக்கடை:

ராத்தண்ணி தம்பி, ஒண்ணு கேக்கணும். வெலிமடையில ஆறு மாசம் இருந்தீங்களே, யாராவது வைத்தியம் பாத்தாங்களா? எங்க டிவிசன்ல ரெண்டு பிள்ளைகளோட தாய்மார் எங்கிட்ட வந்து அழுறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அதுல ஒருத்தன்தான் என் தராசைத் தூக்கினவன்னு எனக்குத் தெரியும், அந்தம்மாவுக்கும் தெரியும்.

---

ராத்தண்ணி:

அண்ணே, எனக்கு வைத்தியம் இல்ல, அண்ணன்தான். அது எல்லாருக்கும் அமையாது. அபாயகர ஒளடதக் கட்டுப்பாட்டுச் சபைன்னு அரசாங்கத்துல இருக்கு, அவங்களுக்குத் தங்க வச்சுப் பாக்குற நிலையங்கள் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுலயும் பாப்பாங்க. முதல்ல அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. தமிழ்ல பேசுற ஆள் இருக்காங்களான்னு முன்னாடியே கேட்டுக்கங்க, எங்க கூட்டாளி ஒருத்தன் பேச்சு வெளங்காமலே மூணாம் நாள் ஓடி வந்துட்டான். வந்த பிறகு பழைய எடத்துல விடாதீங்க. ஆத்துச் சத்தம் கேட்டாலே எனக்கு இன்னைக்கும் கை அரிக்கும்.

---

இஸ்தோப்பு:

இன்னைக்குத் தவணை. அம்மாவும் நானும் போனோம். கறுப்புக்கோட்டு சொன்னபடி பழைய அடகுத் துண்டு ரெண்டும், அத்தை கல்யாணத்துல அம்மா சங்கிலி போட்டு நிக்கிற படமும் கொண்டு போனோம். சட்ட உதவியில இருந்து ஒரு மிஸ் எங்களுக்காகக் கேட்டாங்க. சங்கிலியைப் படம் எடுத்து அடுத்த தவணைக்கு முன்னாடி அறிக்கை குடுக்கச் சொல்லி பொலிஸுக்குச் சொல்லியிருக்காங்க. அம்மா தமிழ்ல கையெழுத்துப் போட்டாங்க.

அவனைக் கூட்டுக்குள்ள பாத்தேன். மெலிஞ்சிருந்தான். எங்களைப் பாத்ததும் சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டான். ரெண்டு பேர் சரீரப் பிணையில விடச் சொன்னாங்க. மாமா ஒருத்தர் வந்திருந்தார், கையெழுத்துப் போட்டார். ரெண்டாவது ஆள் இல்ல. பஸ்ல ஏத்தித் திரும்பக் கொண்டு போயிட்டாங்க.

அம்மா இன்னும் அவன் பேரைச் சொல்லல. எனக்கும் கோபம் முழுசாப் போகல. வரும்போது பஸ்ல ஒண்ணுதான் கேட்டாங்க, குசினித் தகரத்தை எப்ப மாத்தப் போறேன்னு. சனிக்கிழமை மாத்தணும்.

---

பணியலயம்:

மாமாகிட்ட என் நம்பரைக் குடுங்க, தனி மடல்ல போட்டிருக்கேன். ரெண்டாவது ஆளா சொந்தத்துல யாராவது பெரியப்பா, சித்தப்பா இருந்தா அவங்களுக்குச் சம்பளம் போற அந்த ஒரு நாள் காசை நான் போடுறேன். கிராம உத்தியோகத்தர் கடிதத்துக்கு செவ்வாய், இல்லாட்டி வியாழன் காலையில போங்க, எங்க பக்கம் அந்த நாள்லதான் ஆள் இருப்பார். உங்க பக்கம் எந்த நாள்னு முதல்ல கேட்டுக்கங்க. எங்கண்ணனுக்கு நாங்க போனது மூணு தடவையும் ஆள் இல்லாத நாள்.